நூறு வருஷக் கட்டடத்தை இடிக்கவா, வைத்துக்கொள்ளவா?

11 ஜூன் 2023 (வாசகர் ஒருவரின் கேள்வி)

எங்கள் ஊர்ப் படிப்பகம் 80 வருஷத்துக்கு மேல் பழையது. ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர். பார்க்க வந்த இன்ஜினீயர் ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டு, "இடிச்சிட்டுக் கட்டிருங்க, ரிப்பேர் பண்ற காசுல புதுசே வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மையா? தக்கலைப் பக்கம்.

12 ஜூன் 2023

உண்மை இல்லை. நான் இன்ஜினீயர் இல்லை, வங்கியில் 31 வருஷம் குப்பை கொட்டியவன். ஓய்வுபெற்றதும் "சும்மாதானே இருக்கீங்க" என்று நாகர்கோவிலில் நான் படித்த பள்ளியின் கட்டடக் கமிட்டியில் பிடித்துப் போட்டார்கள். எட்டு வகுப்பறை, நடுவில் ஒரு ஹால், சுற்றிலும் வராந்தா. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதன் கூரையைப் பிரித்து மேய்ந்தோம், இரண்டு அர்த்தத்திலும். இன்று காலை பள்ளி திறந்து பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. அந்தச் சூட்டில் சொல்கிறேன், இடிக்காதீர்கள். புதிதாகக் கட்ட ஆகிற செலவில் பாதிதான் எங்களுக்கு ஆனது.

இன்ஜினீயர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரிந்துகொள்ள வேண்டியதுதான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு பழைய கட்டடத்துக்கு உறுதிச் சான்றில் கையெழுத்துப் போட யாருக்கும் கை வருவதில்லை. அந்தச் சான்று இல்லாமல் தாசில்தாரிடம் படிவம் டி என்கிற கட்டட உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. கையெழுத்துப் போட்டபின் ஏதாவது நடந்தால் மாட்டுகிறவர் அவர். இடி என்று சொன்னால் எந்தப் பொறுப்பும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் போல. ஆனால் ஐந்து நிமிஷத்தில் சொன்னவர் ஏணி கேட்டிருக்க மாட்டார். ஏணி கேட்கிற ஒருவரைப் பிடியுங்கள். கழுக்கோல் (ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரம்) சுவரில் வந்து உட்காருகிற இடத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் மரம் போச்சு. நடுவில் மரம் இரும்பு மாதிரி இருக்கும், நுனியில்தான் பிஸ்கட் ஆகியிருக்கும்.

எங்கள் கட்டடத்தின் பெரிய நாசம் வயதால் வந்ததில்லை, ரிப்பேரால் வந்தது. 2019இல் ஒரு கான்ட்ராக்டர் வடக்குச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசி, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தார். இரண்டு வருஷத்தில் உப்புப் பூத்து, பொரிந்து, அப்பளம் மாதிரி உரிந்து விழுந்தது. பழைய சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிடும். வெளியே வர வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். அந்த ஆள் கையில் கரண்டி கொடுத்ததே தப்பு.

வாசல் மேல் கல்லில் 1101 என்று வெட்டியிருக்கிறது. பழைய மாணவர் குரூப்பில் ஒருவர் அதைப் போட்டோ எடுத்துப் போட்டு '900 வருஷப் பாரம்பரியம்' என்று எழுதினார். முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்கூடம் நடத்தினான் போலிருக்கிறது. அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தோம். 824ஐக் கூட்டினால் 1925.

13 ஜூன் 2023

திருத்தம். கல்லில் மேடம் (நம் சித்திரை) என்று மாதமும் இருக்கிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் மேடம் வரும்போது இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடிவிடும். 1926 ஏப்ரல், மே. கணக்கில் தப்பு விட்ட பேங்க்காரன் என்று எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

18 ஜூன் 2023

கூரை வேலைக்கு எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் எந்த மாதமும் இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு மழை, நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் சித்திரை வைகாசியில் இடியோடு கோடை மழை. காய்ந்து கிடப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான், அப்போது பள்ளியில் பரீட்சை. ஆகவே நாங்கள் விடுமுறையில் செய்தோம், மூன்று தடவை நனைந்தோம்.

படிப்பகத்துக்குப் பரீட்சை கிடையாது. நீங்கள் தைப்பொங்கல் முடிந்த மறுவாரம் ஓட்டில் கை வையுங்கள். மொத்தமாகப் பிரிக்காதீர்கள். ஒரு அறையளவு பிரி, மரத்தைச் சரிசெய், ஓடு போடு, அடுத்ததுக்குப் போ. கான்ட்ராக்டர் மொத்தமாகப் பிரிக்கத்தான் கேட்பார், அவருக்கு ஆள் கூலி மிச்சம். எங்கள் ஆசாரியிடம் இதற்காக ஒரு முழு நாள் சண்டை போட்டேன். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது அவரே தார்ப்பாயோடு ஓடினார். அதன்பிறகு என்னைக் கொஞ்சம் மதித்தார். ரசவடையும் கட்டன் சாயாவும் வாங்கிக் கொடுத்தது காரணமாக இருந்தாலும் இருக்கலாம்.

2 ஜூலை 2023

காசு விஷயம் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே எழுதுகிறேன், எல்லோருக்கும் உதவும்.

பழைய கட்டடத்துக்கு மொத்தத் தொகை பேசாதீர்கள். புதுக் கட்டடம் என்றால் பிளானைப் பார்த்து எண்ணிவிடலாம். இங்கே ஓட்டைப் பிரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீழே நின்று பார்த்து 18 கழுக்கோல் மாற்ற வேண்டும் என்று எழுதினோம். பிரித்தபின் 31. மொத்தத் தொகை பேசியிருந்தால் கான்ட்ராக்டர் அந்த 13ஐ பெயின்ட் அடித்து மூடியிருப்பார், அல்லது வேலையைப் பாதியில் நிறுத்தியிருப்பார். ஐட்டம் ரேட் (ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை) பேசி, ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை நானும் அவருமாக டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான், நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது.

எஸ்டிமேட்டில் எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் என்று போடுவார்கள். 30 போடுங்கள். கமிட்டியில் கத்துவார்கள், கத்தட்டும். ஏற்கெனவே சொல்லிவிட்டால் ஒரு தடவை கத்துவதோடு போகும்.

9 ஆகஸ்ட் 2023

ஓடு. புது ஓடு வாங்கிப் பழையதோடு கலக்க முடியுமா என்றால், ஒரே மாதிரி தெரியும், பூட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு கம்பெனி அச்சும் அரை விரல் வித்தியாசம். எங்களுடையது அடியில் 'குவிலோன்' என்று அச்சடித்தது, கொல்லத்தில் சுட்டது. உடைந்தவற்றுக்கு ஈடாகப் பழைய வீடு இடிக்கிற சாமான் விற்கிற கடைகளில் தேடினோம். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரு மாதிரி ஓட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை போனில் போட்டோ மட்டும் கொண்டுபோய் 400 ஓடு வாங்கி வந்தேன். ஒன்றுகூடச் சேரவில்லை. சைக்கிள் ஷெட்டுக்கு இப்போது பிரமாதமான கூரை இருக்கிறது.

மரம். கழுக்கோல் பாதி தேக்கு, பாதி அயினி. முழுசாக மாற்ற வேண்டாம், இற்றுப்போன நுனியை மட்டும் வெட்டிவிட்டுச் சாய்வாகச் செதுக்கிப் புதுத் துண்டை ஒட்டுப் போட்டு போல்ட் அடிக்கலாம் என்று ஆசாரி சொன்னார். 31இல் 22 அப்படித்தான் பிழைத்தது. செதலுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய்தான் அடிக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். நம்மூரில் முந்திரி ஆபீஸ் (முந்திரி உடைக்கிற ஆலை) இருக்கிற வரைக்கும் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். அடித்த பையன் கையுறையைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஒரு வாரம் அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கூலி, மருந்துச் செலவு கமிட்டி கொடுத்தது. நோட்டில் அந்த வரியும் இருக்கிறது.

25 செப்டம்பர் 2023

கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர் ஹாலுக்குப் பத்மநாபபுரம் அரண்மனைத் தரை மாதிரி போட வேண்டும் என்று ஆரம்பித்தார். கண்ணாடி மாதிரி கறுப்புத் தரை, தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்தது என்று அங்கே சொல்வார்களே, அது. நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இன்று ஆறு பேர் கார் பிடித்துப் போனோம். இன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை. நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பது, காவலாளியிடம் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிக் கெஞ்சினோம். நடக்கவில்லை. திரும்பும்போது பெரியவரே, "ஆயிரம் பிள்ளைக ஓடுத எடத்துல வழுக்கி விழுந்தா ஆரு பதில் சொல்லுகது" என்று கேட்டுத் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டார். முட்டைக் காசும் மிச்சம்.

19 டிசம்பர் 2023

17, 18 இரண்டு நாளும் பெய்த மழையை எழுதத் தேவையில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் நிலைமை இன்னும் மோசம், உறவுக்காரர்கள் போன் இப்போதும் கிடைக்கவில்லை. அந்தக் கவலையோடுதான் இதை எழுதுகிறேன்.

இன்று பள்ளிக்குப் போனேன். கூரையில் ஒரு பொட்டு ஒழுகல் இல்லை. எட்டு அறையும் தரை காய்ந்து கிடந்தது. ஆசாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர் "பின்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் வடக்குச் சுவர் இடுப்பளவுக்கு நனைந்திருக்கிறது. உள்பக்கம். மே மாதம் சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல் தெரிய விட்டிருந்தோம், மூச்சு விடட்டும் என்று. அப்படியும் நனைந்திருக்கிறது. சிமென்ட்தான் குற்றவாளி என்று ஜூனில் அடித்துச் சொன்னேன். சிமென்ட்டே இல்லாத சுவர் நனைந்தால் நான் சொன்னதில் ஏதோ இடிக்கிறது.

பென்சிலால் ஈரம் ஏறிய இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வந்தேன்.

7 ஜனவரி 2024

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர் அறையில் பழைய வகுப்பு போட்டோக்கள் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் பத்தாம் வகுப்பு போட்டோ வடக்கு வராந்தாப் படியில் எடுத்தது. நாலு படி, படிக்கு ஒரு வரிசை. எனக்கு மேலிருந்து இரண்டாவது வரிசை. முந்தாநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, இன்றைக்கு அந்த வராந்தாவுக்கு இரண்டு படிதான் இருக்கிறது.

மீதி இரண்டும் மண்ணுக்கடியில். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் ரோடு உயர்ந்தது, மழைத் தண்ணீர் பள்ளி வளாகத்துக்குள் வந்தது. அதைத் தடுக்க 2016இல் வளாகம் முழுக்க மண்ணடித்து உயர்த்தி இன்டர்லாக் கல் பதித்தார்கள். கருங்கல் பேஸ்மென்ட் முழுசாக மூடி, மண் நேராகச் செங்கல் சுவரில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பேஸ்மென்ட் எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலையே போயிற்று. போதாக்குறைக்கு ஓட்டிலிருந்து கொட்டுகிற தண்ணீர் முன்பு மண்ணில் விழுந்தது, இப்போது கல்லில் விழுந்து சுவரில் தெறிக்கிறது. 

பதித்தார்கள் என்று எழுதினேன் இல்லையா. பழைய மாணவர் சங்கத்தில் அதற்குப் பணம் திரட்டியது நான். வெள்ளைக்கல்லில் என் பெயரும் இருக்கிறது.

7 ஜனவரி 2024, இரவு

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. பழைய ஃபைலைப் புரட்டினேன். 2019இல் அந்த கான்ட்ராக்டர் கொட்டேஷனோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறார். 'வெளித்தரை உயர்ந்துள்ளது, குறைக்காமல் பூச்சு நிற்காது' என்று ஒரு வரி. கடிதத்தின் மூலையில் 'பார்த்தேன்' என்று என் சுருக்கொப்பம்.

ஜூனில் அவரைப் பற்றி எழுதியதில் கரண்டி வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். சிமென்ட் பூசியது தப்புதான், அதில் மாற்றமில்லை. நிற்காது என்று அவரே எழுதிவிட்டுப் பூசியது அதைவிடத் தப்பு. ஆனால் பூசச் சொன்னது நாங்கள்.

11 பிப்ரவரி 2024

கல்லை எடுக்கக் கமிட்டியில் மூன்று கூட்டம் ஆனது. "போட்டவனே எடுக்கச் சொல்லுகான்" என்று ஒருவர், சரிதானே. கடைசியில் வளாகம் முழுக்க வேண்டாம், வடக்குப் பக்கம் மட்டும் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு எடுத்துப் பழைய மட்டம் வரை தோண்டலாம் என்று முடிவானது. தோண்டினால் இரண்டு படியும் அப்படியே இருக்கிறது, விளிம்பு தேய்ந்துகூட இல்லை.

அடுத்த சிக்கல். தோண்டிய இடத்துக்கு வருகிற தண்ணீர் எங்கே போகும்? ரோட்டு ஓடை இப்போது அதைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீரை மேட்டுக்கு ஓடச் சொல்ல முடியாது. வளாகத்தின் மூலையில் ஒரு பழைய கிணறு, பாதி தூர்ந்து, மேலே ஸ்லாப் போட்டு மூடியது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது அதன் பக்கத்தில் பேருக்கு ஒரு குழி எடுத்துப் போட்டோ பிடித்திருந்தார்கள். கிணற்றைத் தூர்வாரி, பள்ளத்தில் ஜல்லி நிரப்பி, ஓட்டை போட்ட பைப் பதித்து அதற்குள் விட்டோம். அப்புறம், ஓட்டு விளிம்பில் தகரத்தில் தூம்பு.

'பாதிச் செலவு' என்று நான் எழுதியதை மேலே யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம், நானே சொல்கிறேன். அது கூரையை மட்டும் வைத்துச் சொன்னது. கேசிங் பட்டைக்குள் ஓடிய பழைய ஒயரிங் முழுக்க மாற்றியது, இந்தப் பள்ளம், கிணறு, இனி வரப்போகிற பூச்சு எல்லாம் சேர்த்தால் முக்கால் பங்கு வரும். அப்படியும் இடிக்கச் சொல்ல மாட்டேன். பாதி என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

3 ஏப்ரல் 2024

பூச்சு பற்றிக் கேட்டவருக்கு: அறுபது தாண்டிய கொத்தனார் ஒருவர் கிடைத்தார், கூட அவர் மருமகன். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஒரு மாதம் போட்டு வைத்தார். கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் இரண்டும் கலந்து, மணல் சேர்த்துக் குழைத்து, மெல்லிசாக மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட்டு, காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்து. (இந்த வாக்கியம் புரியாவிட்டால் கவலை வேண்டாம், எனக்கும் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும், மெதுவாகக் காய வேண்டும்.) சிமென்ட் என்றால் மூன்று நாள் வேலை, இது மூன்று வாரத்தைத் தாண்டியது. கருப்பட்டி கணக்கில் கால் பங்கு காப்பிக்குப் போயிற்று என்று என் அனுமானம். நோட்டில் எழுதவில்லை.

இதற்கிடையில் தேர்தல். எங்கள் ஹால் வாக்குச்சாவடி. அதிகாரிகள் வந்து பார்த்து சாரத்தை எப்போது பிரிப்பீர்கள், சாய்தளம் எங்கே என்று கேட்டார்கள். வடக்கு வாசலில் சாய்தளம் இருந்தது, இரண்டு படி உயரம் ஓரடிக்கு 12 அடி நீளம். இப்போது நாலு படி வெளியே வந்தாயிற்று, இரண்டடி உயரம். 1க்கு 12 என்ற கணக்கில் 24 அடி வேண்டும், அங்கே அவ்வளவு இடமில்லை, வேப்பமரம் நிற்கிறது. சுவரைக் காப்பாற்றப்போய்ச் சக்கர நாற்காலிக்கு வழியை அடைத்துவிட்டேன். கிழக்கு வாசலில் கல்லை எடுக்கவில்லை, அங்கே உயரம் குறைவு. அவசரமாக அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறோம். முதலிலேயே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

20 ஏப்ரல் 2024

நேற்று வாக்குப்பதிவு நல்லபடியாக முடிந்தது. சாய்தளத்தில் முதலில் ஏறியது எங்கள் கணக்கு வாத்தியார், மகன் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி முடித்ததும் சாய்வைத் திரும்பிப் பார்த்து, "சரியா வருதுலே" என்றார்.

2 ஜூன் 2024

மே முழுக்கக் கோடை மழை சரியாக அடித்தது. பள்ளி 6ஆம் தேதி என்று இருந்தது 10க்குத் தள்ளிப் போயிருக்கிறது, எனக்கு நாலு நாள் லாபம்.

வடக்குச் சுவரில் ஈரம் இன்னும் இருக்கிறது. பூசும்போது டிசம்பர் கோடு மறைந்துவிடும் என்று பக்கத்து ஜன்னல் நிலையில் அளந்து குறித்து வைத்திருந்தேன், அது என் இடுப்பளவு. நேற்றையது முழங்காலுக்குக் கீழே, நாலு விரல் கீழே. ஒரு மூலையில் மட்டும் லேசாக உப்புப் பூத்திருக்கிறது. கொத்தனார் வந்து நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "பழைய உப்பு, வெளிய வரட்டு, தொடச்சுவிட்டாப் போதும்" என்றார். இத்தனை வருஷம் குடித்த தண்ணீரை ஒரு மழைக்காலத்தில் விட்டுவிடாது, இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்கிறார். திறப்பு விழாவுக்கு முன் பளிச்சென்று எமல்ஷன் அடித்துவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் டப்பாவே வாங்கி வைத்துவிட்டார். ஸ்டோர் ரூம் சாவி இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது.

தக்கலை நண்பரே, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கூரை அவ்வளவு மோசமில்லை. முன்வாசலில் எத்தனை படி என்று உங்கள் ஊரில் வயதான யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.